தட்டிவிட்டு உள்ளே வருகிறவன்

அக்கா,

போன மாதக் கடைசி ஞாயிறு, கோயிலிலிருந்து வந்ததும் சேலைகூட மாற்றாமல் பரண் மேலிருந்த உங்கள் அட்டைப்பெட்டியை இறக்கினேன். இரண்டு வருடமாக அதை நான் திறக்கவில்லை. ஒட்டியிருந்த நாடாவை அறுத்ததும் புண்ணாக்கு வாடை அடித்தது. பழைய புத்தகத்தில் பாச்சா உருண்டை வாடை வரும், கரையான் மருந்து வாடை வரும். கடலைப் புண்ணாக்கு வாடை வந்து நான் பார்த்ததில்லை. உங்கள் புத்தகங்களை அந்த மனிதன் எங்கே போட்டு வைத்திருந்தான் என்பதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாட்டுத்தீவனம் அடுக்குகிற கொட்டகையில்.

அன்றைக்கு ஆராதனையில் ஒரு கலியாண ஓலை வாசித்தார்கள். மாப்பிள்ளை, உங்கள் புருஷன். "மனைவியை இழந்தவர்" என்று சேர்த்து வாசித்தார் குருவானவர். எத்தனை மனைவியை என்று வாசிக்கவில்லை. பெண் நம் சபைதான். பாடகர் குழுவில் இரண்டாம் வரிசையில் நிற்பாளே, நர்ஸ் வேலை பார்க்கிற பெண், தகப்பன் இல்லாதவள், அவள்.

ஓலை எப்படி வாசிப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. அடுத்தடுத்து மூன்று ஞாயிறு. ஒவ்வொரு முறையும், இந்த இருவரையும் சேர்த்துவைக்கத் தடை ஏதும் யாருக்காவது தெரிந்தால் தெரிவிக்கலாம் என்று சொல்லிவிட்டு ஒரு மூச்சு நேரம் நிறுத்துவார்கள். அந்த ஒரு மூச்சில் மின்விசிறிகள் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்கும். பிறகு பாட்டு நம்பர் சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு மூச்சை வைத்துத்தான் இந்தக் கடிதம்.

நம் பள்ளிக்கூட நூலகம் ஞாபகம் வருகிறது. நீங்கள் ஆங்கிலமும் நூலகமும் பார்த்தீர்கள், நான் அறிவியல். சாப்பாட்டு மணி அடித்ததும் நான் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்துவிடுவேன். நீங்கள் ஒரு கையால் சோற்றைப் பிசைந்துகொண்டு மறு கையால் அந்தப் புத்தகங்களில் ஒன்றை விரித்துப் பிடித்திருப்பீர்கள். பாளையங்கோட்டை மைதானத்தில் வருடா வருடம் எடைக்குப் புத்தகம் போடுகிறானே, அவனிடம் பொறுக்கியவை. அட்டையில் நீளப் பாவாடையில் ஒருத்தி, தலையில் குல்லா, பின்னால் மரவேலி, வேலிக்கு அந்தப்பக்கம் குதிரை, அதற்கும் பின்னால் மலை, தொப்பி போட்ட ஒருவன். எல்லாப் புத்தகத்துக்கும் அதே அட்டைதான், பாவாடை நிறம்தான் மாறுகிறது என்று நான் கேலி செய்வேன்.

கதையும் அப்படித்தான். அமெரிக்காவில் கிழக்கே ஏதோ ஒரு பட்டணத்தில் நாதியற்ற ஒரு பெண். கடிதத்தை மட்டும் நம்பி மேற்கே புறப்பட்டுப் போவாள். அங்கே மனைவியை இழந்த பண்ணைக்காரன் ஒருவன். பேசமாட்டான். கோயிலுக்குப் போவதை நிறுத்தியிருப்பான். ஊர் அவனைப்பற்றி ஏதோ முணுமுணுக்கும். இவள் ஜெபிப்பாள். ஒரு பனிப்புயல் வரும், ஒரு கன்று பிறக்கும், அவன் மனம் இளகும். முத்தம் இருபதாம் அதிகாரத்தில்தான், அதுவும் நெற்றியில்.

ஒருநாள் நான் சண்டைக்கே வந்தேன். அந்தப் பண்ணை நிலமெல்லாம் யாருடையது, அங்கே இருந்த சனங்களை அடித்துத் துரத்திவிட்டுத்தானே இவன் வேலி போட்டிருக்கிறான், அதை ஒரு வரியாவது எழுதியிருக்கிறார்களா என்று கேட்டேன். நீங்கள் சோற்றுக்கையை நக்கிக்கொண்டு நிதானமாகச் சொன்னீர்கள்.

"அது தெரியாமலா படிக்கேன்? பைபிள்ல கர்த்தர் குடுத்த கானான் தேசம் மட்டும் காலியாவா கெடந்துச்சுட்டி?"

பிறகு எதற்காகத்தான் படிக்கிறீர்கள் என்று கேட்டேன். டிபன் பாக்ஸை மூடினீர்கள்.

"அதுல வாரவன் கதவைத் தட்டிட்டு உள்ள வாரான்லா. அதுக்குத்தான்."

நான் சிரித்தேன். அப்போது உங்கள் வீட்டுக்கு நான் வந்ததில்லை. வந்தபிறகு சிரிக்கவில்லை. உங்கள் தம்பி வீட்டில் உங்களுக்கென்று இருந்தது ஒரு கட்டிலும் ஒரு பீரோவும்தான். மொட்டைமாடிக்கு அந்த அறை வழியாகத்தான் போக வேண்டும், அதனால் கதவைக் கழற்றிவிட்டுத் திரை போட்டிருந்தார்கள். துணி காயப்போடத் தம்பி பெண்டாட்டி போவாள், பட்டம் விடப் பிள்ளைகள் போவார்கள், தண்ணீர்த் தொட்டி கழுவ வருகிற ஆள் போவான். நீங்கள் சேலை மாற்ற வேண்டுமென்றால் பீரோக் கதவைத் திறந்து அதன் பின்னால் நின்றுகொள்வீர்கள். உங்கள் சம்பளத்தில் பாதி ஓடிய வீடு அது. சுவரில் காலண்டர் தொங்கியது, இயேசு வாசலில் நின்று கதவைத் தட்டுகிற படம். அதைக் காட்டி, "கர்த்தரே தட்டிட்டுத்தான நிக்காரு. இவளுவளுக்கு என்ன?" என்றீர்கள்.

புத்தகங்களில் அவன் கதவைத் தட்டுகிற இடமெல்லாம் பென்சிலால், ஸ்கேல் வைத்து, கோடு போட்டிருக்கிறீர்கள். உள்ளே வரலாமா, உன் பக்கத்தில் உட்காரலாமா, உனக்கு என்ன வேண்டும் என்று அவன் கேட்கிற இடங்களுக்கும் கோடு. பெட்டியைத் திறந்த பிறகுதான் அதை நான் பார்க்கிறேன். அந்தக் கதைகளில் யாரும் அவளிடம் வயது கேட்பதில்லை. கிறிஸ்தவர்கள்தான், ஆனால் எந்த ஆளுக, என்ன சாதி என்று இழுப்பதில்லை. நம் சபையில் இழுப்பார்கள். உங்களுக்கு வந்த இரண்டு நல்ல வரன்களை அந்தக் கேள்வியே கொன்றது. பிறகு அதே வாய்கள் கோயில் வாசலில் நின்று, "டீச்சருக்கு இன்னும் ஒண்ணும் அமையலையா?" என்று கேட்கும்.

முப்பத்தேழாவது வயதில் அமைந்தது. மேற்கே, பாபநாசத்துக்கு முந்தின ஊர் ஒன்றில், மலையடியில் தென்னந்தோப்பும் மாட்டுப்பண்ணையும் வைத்திருக்கிற ஆள். முதல் மனைவி இறந்துவிட்டாள், பிள்ளை இல்லை. அதிகம் பேசமாட்டார், வரதட்சணை வேண்டாம் என்றுவிட்டார் என்று நீங்கள் சொல்லிக்கொண்டே வந்தீர்கள். அட்டைப்படத்திலிருந்து இறங்கி வந்தவன் மாதிரி இருக்கிறானே என்றேன். நீங்கள் அதற்குச் சிரிக்கவில்லை. பெண் பார்க்க வந்த அன்று அவனுக்கு மாடிக் குளியலறைக்குப் போக வேண்டியிருந்தது. உங்கள் அறையைத் தாண்ட வேண்டும். திரைக்கு முன்னால் நின்று நிலைக்கட்டையில் இரண்டு முறை தட்டினானாம்.

"தட்டினாருட்டி" என்றீர்கள். அவ்வளவுதான் சொன்னீர்கள்.

உங்கள் கலியாணத்துக்கு முதல் ஓலை வாசித்த வாரம், அந்தப் பக்கத்து ஊரில் இருக்கிற என் பெரியம்மா அம்மாவுக்குப் போன் செய்தாள். முதல் மனைவி மூன்று முறை பிறந்த வீட்டுக்கு ஓடி வந்திருக்கிறாள். மூன்று முறையும் சபைப் பெரியவர்கள் சமாதானம் பேசி அனுப்பி வைத்திருக்கிறார்கள். நான்காவது முறை அவள் வரவில்லை, தோப்புக் கிணற்றில் கிடந்தாள். நான் மறுநாள் நூலகத்தில் வந்து எல்லாவற்றையும் கொட்டினேன். நீங்கள் புத்தக முதுகுகளில் எண் ஒட்டிக்கொண்டிருந்தீர்கள். ஒட்டுவதை நிறுத்தவில்லை.

"எல்லாக் கதையிலயும் ஊரு அவனப் பத்தி அப்படித்தான் பேசும்."

இது கதை இல்லை என்று கத்தினேன்.

"எனக்குத் தெரியாதா? கதையா இருந்தா எனக்கு இருவத்திரண்டு வயசுல்லா இருக்கணும்."

இன்னொரு எண்ணை ஒட்டிவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னீர்கள். "அவ்வளவு உறுதின்னா கோயில்ல எந்திச்சுச் சொல்லு. நான் கோவிச்சுக்கிட மாட்டேன்."

சொல்வேன் என்றேன். ஸ்டாஃப் ரூமில் எல்லாருக்கும் நியாயம் பேசுகிறவள் நான். நிர்வாகத்தை எதிர்த்து இரண்டு மெமோ வாங்கியவள். இரண்டாவது ஓலை வாசித்த அன்று, அடுத்த வாரம் இருக்கிறதே என்று உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது ஓலை வாசித்து, அந்த ஒரு மூச்சு வந்தபோது என் இடுப்பு பெஞ்சிலிருந்து எழும்பிவிட்டது. அம்மா என் முழங்காலில் கையை வைத்து அழுத்தினாள். "பேசாம இரிட்டி. நாளைக்கு உன்னக் கெட்டிக்க யாரு வருவா?" என்றாள். நான் உட்கார்ந்தேன். நான்கு வரிசைக்கு முன்னால் நீங்கள் திரும்பி ஒருமுறை பார்த்தீர்கள். நான் எழவில்லை என்று நிம்மதியா, எழுவேன் என்று எதிர்பார்த்தீர்களா, எனக்கு இன்றுவரை தெரியாது. பாட்டு நம்பர் சொன்னார்கள்.

கலியாணத்துக்குப் பிறகு வாட்ஸ்அப்பில் தினமும் ஒரு மலைப் படம் போட்டீர்கள். மேகம் இறங்கிய மலை, கன்றுக்குட்டி, தோப்பில் விழுந்த வெயில். மூன்று மாதத்தில் அது நின்றது. நான்காம் மாதம் ஒரு சனிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி வந்தேன்.

மலை அவ்வளவு பக்கத்தில் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. வீட்டுக்குமேல் சாய்ந்த மாதிரி இருந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கே தோப்புக்குள் இருட்டு. சங்கிலியில் கிடந்த நாய் குரைக்கவில்லை, என்னைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கிப் படுத்தது. வீட்டுக்குப் பின்னால் கிணறு. கைப்பிடிச் சுவர் கிடையாது, தரையோடு தரையாகத் திறந்து கிடந்தது. ஒரு மனுஷி விழுந்து செத்த கிணற்றுக்கு ஏன் இன்னும் சுவர் கட்டவில்லை என்று கேட்டேன். "கட்டணும்னு சொல்லியிருக்காரு" என்றீர்கள். உங்கள் தோள் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அப்படியும் கேலி போகவில்லை. "எல்லாம் இருக்குட்டி. குதிரை மட்டும்தான் இல்ல."

முகம் கழுவிச் சேலையைச் சரிசெய்ய உங்கள் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாளைத் தேடிக் கை போனது. தாழ்ப்பாள் இல்லை. அது இருந்த இடத்தில் நான்கு திருகு ஓட்டைகள். நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே கதவு திறந்தது. அவன் உள்ளே வந்தான். தட்டவில்லை. பரணிலிருந்து பூச்சிமருந்து டப்பா ஒன்றை எடுத்தான், போனான். நான் அங்கே நிற்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

தாழ்ப்பாள் எங்கே என்று உங்களைக் கேட்டேன். பழைய வீடு, துருப்பிடித்துவிட்டதென்று கழற்றிவிட்டார் என்றீர்கள். துருப்பிடித்த திருகு இருந்த ஓட்டையில் மரம் கறுத்திருக்கும், அக்கா. அது வெள்ளையாக இருந்தது. அறிவியல் டீச்சரிடம் அந்தப் பொய்யைச் சொன்னீர்கள், நானும் தலையாட்டினேன். என்னுடன் பஸ் ஸ்டாப் வரைக்கும் வரவில்லை, கேட்டோடு நின்றுவிட்டீர்கள். "பைய போ" என்றீர்கள். உங்கள் வாயிலிருந்து நான் கேட்ட கடைசிச் சொல் அது.

அடுத்த வாரம் மார்க்கெட்டில் ஓர் இரும்புத் தாழ்ப்பாளும் நான்கு திருகும் வாங்கினேன். அடுத்த சனிக்கிழமை கொண்டுவந்து நானே மாட்டிவிடுவதாக நினைப்பு. அரையாண்டுப் பரீட்சை வந்தது. பேப்பர் திருத்தும் வேலை வந்தது. தாழ்ப்பாள் கைப்பையிலேயே கிடந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மூன்றாவது பீரியடில் பியூன் வந்து என்னை வெளியே கூப்பிட்டார்.

தண்ணீர் எடுக்கப் போய் நீங்கள் கிணற்றில் வழுக்கி விழுந்துவிட்டீர்களாம். அந்தக் கிணற்றில் மோட்டார் ஓடுகிறது, வீட்டுக்குள் குழாய் இருக்கிறது. சந்தேகம் ஒன்றுமில்லை என்று போலீஸ் நீட்டிய எல்லாத் தாளிலும் உங்கள் தம்பி கையெழுத்துப் போட்டார். அவரை நான் வெறுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு மாதம் கழித்து இந்தப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தபோது, நீங்கள் ஒருமுறை துணிப்பையோடு வீட்டுக்கு வந்ததையும், உங்கள் அறையைப் பையனுக்குப் படிப்பறையாக மாற்றிவிட்டதால் ஹாலில் படுத்ததையும், மூன்றாம் நாள் தானே பைக்கில் கொண்டுபோய் விட்டதையும் சொன்னார். "நாந்தான் கொண்டு விட்டேன் டீச்சர்" என்று என் வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுதார். வெறுப்பதற்கு அவரைவிடப் பெரிய ஆட்கள் இருக்கிறார்கள் என்று அப்போது பட்டது. நானும் அதில் சேர்த்தி.

நீங்கள் விழுந்தீர்களா, குதித்தீர்களா, தள்ளினானா, எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுத மாட்டேன்.

பெட்டியில் இருந்த ஒவ்வொரு புத்தகத்தையும் உதறிப் பார்த்தேன். ஒரு சீட்டு, ஒரு கடிதம், எதுவும் இல்லை. கதையாக இருந்திருந்தால் இருந்திருக்கும். நீங்கள் அங்கே கொண்டுபோய் வாசித்த கடைசிப் புத்தகத்தை மட்டும் நான் முழுதாகப் படித்தேன். கடைசி அதிகாரம் வரை தாள் ஓரங்களில் உங்கள் மஞ்சள் கை படிந்திருக்கிறது. அதிலும் அந்தப் பண்ணைக்காரன் கதவைத் தட்டத்தான் செய்கிறான், பதினோரு இடத்தில். நீங்கள் ஒரு இடத்தில்கூடக் கோடு போடவில்லை.

இந்தக் கலியாணத்தின் இரண்டாவது ஓலை நேற்று. அதற்கு முன்பே அந்த நர்ஸ் பெண்ணை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்து, கிணறு, தாழ்ப்பாள் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். அவர் வரதட்சணை ஒன்றும் கேட்கவில்லை, அமைதியானவர், ஆகாதவர்கள் ஏதாவது பேசத்தான் செய்வார்கள் என்றாள். அவள் உங்கள் புத்தகங்களில் ஒன்றைக்கூடப் படித்ததில்லை. அப்போதுதான் ஒன்று புரிந்தது. உங்களை ஏமாற்றியது அந்தப் புத்தகங்கள் மட்டுமில்லை. தட்டாமல் உள்ளே வருகிறவர்களே சுற்றிலும் நிறைந்த ஊரில், ஒருமுறை தட்டியவன் தேவதூதனாகத்தான் தெரிவான்.

நேற்று அந்த ஒரு மூச்சு வந்ததும் அம்மாவின் கை என் முழங்காலுக்கு வந்தது. எடுத்து அவள் மடியிலேயே வைத்துவிட்டு எழுந்தேன். தடை இருக்கிறது ஐயா என்றேன். இருநூறு தலைகள் திரும்பின. குருவானவர் கண்ணாடியைக் கழற்றி மாட்டினார். ஆராதனை முடிந்து வாருங்கள் என்றார். பாட்டு நம்பர் சொன்னார்கள்.

பிறகு அந்தச் சின்ன அறையில் கமிட்டி உட்கார்ந்தது. செயலாளர் கனிவாகத்தான் பேசினார். "தடைன்னா என்னன்னு ஒரு முறை இருக்கும்மா. பெண்டாட்டி உயிரோட இருக்கணும். இல்லன்னா ரத்த உறவா இருக்கணும். இது ரெண்டும் இல்ல."

"அப்ப பெண்டாட்டி உயிரோட இருந்தா தடை. ரெண்டு பெண்டாட்டியும் செத்துட்டா தடை இல்ல. அப்படித்தான அண்ணாச்சி?"

வார்த்தையை அளந்து பேசச் சொன்னார். ஆதாரம் கேட்டார். என்னிடம் இருந்தது ஒரு கதவில் பார்த்த நான்கு ஓட்டைகள். அதைச் சொன்னேன். ஒருவர் சிரிப்பை அடக்கினார். மூன்றாவது ஓலை அடுத்த ஞாயிறு வழக்கம்போல வாசிக்கப்படும் என்று எழுதிக்கொண்டார்கள்.

வெளியே வந்தபோது கூட்டம் கலைந்துவிட்டது. கோயில் குழாயடியில் அவள் நின்றிருந்தாள், பாடகர் குழு அங்கியைக் கழற்றிக் கையில் மடித்துப் போட்டபடி. திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அக்கா, அந்தக் கதவுல நெசமாவே தாழ்ப்பா இல்லையா?"

கைப்பையைத் திறந்து, உங்களுக்காக வாங்கியதை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். கடைக்காரன் கட்டிய தாள் இன்னும் பிரிக்கவில்லை. "நான் சொல்லுதத நம்பாத. அடுத்த ஞாயிறுக்கு முன்னால வீட்டப் பாக்கணும்னு சொல்லிக்கிட்டு உங்க அம்மையோட போ. இத மாட்டித் தாரியான்னு அவன்ட்ட கேளு. அவன் மொகத்தப் பாரு" என்றேன். அவள் அதைத் திருப்பித் தரவில்லை. விரல்களை மூடிக்கொண்டு, அங்கிக்குள் கையைச் செருகி, அப்படியே நடந்து போனாள். முருகன்குறிச்சிப் பக்கம் திரும்புகிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் போவாளா, போனாலும் கேட்பாளா, கேட்டாலும் அவன் முகம் அந்த ஒரு நாளைக்கு நல்ல முகமாக இருந்துவிடுமா, எனக்குத் தெரியாது. உங்களிடமும் ஒருநாள் அவன் தட்டினானே. இன்றைக்கு ஸ்டாஃப் ரூமில் யாரும் என்னோடு பேசவில்லை. அம்மா சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. மூன்றாவது ஓலைக்கும் எழுவேன். கைப்பையில் இப்போது கனம் இல்லை அக்கா. ஆனால் முழங்காலில், அம்மா அன்றைக்குக் கை வைத்து அழுத்திய இடத்தில், அந்தக் கை இன்னும் இருக்கிறது. அதையும் தூக்கிக்கொண்டுதான் எழ வேண்டும். எழுந்து பார்த்தாகிவிட்டது, முடிகிறது. உங்களுக்காகவும் அன்றைக்கு என்னால் எழுந்திருக்க முடிந்திருக்கும்.